மாடியில் 720, மீட்டரில் 390

மதுரை நாகமலை புதுக்கோட்டையில் என் பெரியப்பா மகன் வீட்டு மொட்டை மாடி பங்குனி வெயிலில் பதினொரு மணிக்கே கால் வைக்க முடியாதபடி காய்ந்து கிடந்தது. மாடியில் நிழல் இருந்த இடம் ஒன்றே ஒன்று, ஆறு சோலார் பேனல்களின் அடி. அண்ணன் குனிந்து அதற்குள் போய் நின்றுகொண்டுதான் தன் வழக்கை எடுத்து வைத்தார்.

"இந்தா பாரு தம்பி. ஆப்ல போன ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட் ஓடியிருக்குன்னு போட்டிருக்கு. கீழ ஈ.பி. மீட்டர்ல வெளிய போனது 390தான். நடுவுல 330 யூனிட்டைக் காணோம். மீட்டர்ல கோளாறு இருக்கு. மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன்."

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பது மதினியின் யோசனை. சோலார் போட்டுக் கொடுத்த தம்பியையும் அவரே கூப்பிட்டிருந்தார். அந்தத் தம்பி கையில் ஒரு கிளாம்ப் மீட்டரோடு வந்து சேர்ந்தார். அண்ணன் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியைக் கேட்கிறார்களாம்.

முதலில் பேனலைப் பார்த்துவிடலாம் என்றார். ஒவ்வொன்றும் 540 வாட், ஆறும் சேர்ந்து 3.24 கிலோவாட். ஏழரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும் என்பது மாடிக் கணக்கு. ஆறையும் வரிசையாக ஒரே மாலையாகக் கோத்து, இரண்டு ஒயர்களாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். தெற்குப் பக்கம் லேசான சாய்வு, பத்து டிகிரி இருக்கலாம். மதுரைக்கு அது போதும். சித்திரை பிறந்த சில நாளில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அங்கிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். பேனலை நட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்தால் அந்த நாலு மாதமும் நட்டம்.

பேனலின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அறுபது டிகிரி இருக்கும் என்றார் தம்பி. பெட்டியில் அச்சடித்திருக்கிற 540 வாட் என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. அதற்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில் மாடி அள்ளிக் கொட்டும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். வானம் தெளிந்து காற்றும் அடிக்கிற மாசி, பங்குனிதான் இந்தப் பக்கத்தில் நல்ல அறுவடைக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிக்கு விழும் நாட்களும் உண்டு. ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று எல்லோரும் சொல்வது ஓரளவு சரியான கணக்கு.

கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. போர் தண்ணீரில் கழுவிய உப்பு. "அண்ணே, உப்புத் தண்ணியில கழுவாதீங்க, கழுவினாலும் காலையில ஆறு மணிக்குக் கழுவுங்க, சுடுற கண்ணாடியில ஊத்தாதீங்க" என்று தம்பி சொல்ல, "நான் சொன்னா கேக்கிறதில்ல" என்று மதினி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

மாடிப்படி வளைவில் இன்வெர்ட்டர் சுவரில் தொங்கியது. பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக ஆக்குவது இதன் வேலை. திரையில் அப்போதைய உற்பத்தி 2.4 கிலோவாட். இங்கிருந்து ஓர் ஒயர் வீட்டின் மெயின் போர்டுக்குப் போகிறது. ஈ.பி. லைனும் வந்து சேர்வது அதே போர்டுக்குத்தான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அண்ணன் மனதில் இருந்த படம் வேறு: மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுக்க முதலில் தெருவுக்குப் போய் ஈ.பி. கணக்கில் வரவாகிறது, பிறகு வீட்டுக்கு வேண்டியதை ஈ.பி. திருப்பித் தருகிறது. அப்படி இல்லை. மாடி மின்சாரம் முதலில் வீட்டுக்குள் பாய்கிறது. வீடு தின்றது போக மிச்சம்தான் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. வீடு தின்றதை அந்த மீட்டர் பார்க்கவே பார்க்காது.

சொன்னால் நம்பமாட்டார் என்று தம்பி செய்து காட்டினார். எல்லோரும் வாசல் மீட்டர் பெட்டி முன்னால் நின்றோம். ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், டி.வி. என்று வீட்டுக்குள் ஓடியது 0.4 கிலோவாட். மீட்டர் திரையை மாற்றி மாற்றிக் காட்டியதில், அந்த நொடி வெளியே போவது 2 கிலோவாட் என்று தெரிந்தது. "அக்கா, ஏசியப் போடுங்க." ஏசி ஓடத் தொடங்கிய சில நிமிடத்தில் வெளியே போவது 0.6 ஆக இறங்கியது. மாடியில் உற்பத்தி அதே 2.4தான். "கீசரையும் போடுங்கக்கா." பங்குனி வெயிலில் கீசரா என்று மதினி முணுமுணுத்தபடியே போட்டார். மீட்டரில் திசை மாறிவிட்டது. இப்போது வெளியிலிருந்து 1.4 கிலோவாட் உள்ளே வருகிறது. மாடியின் 2.4, தெருவின் 1.4, இரண்டும் சேர்ந்து வீட்டை ஓட்டுகின்றன.

இந்த மீட்டரில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. உள்ளே வந்தது ஒன்று, வெளியே போனது இன்னொன்று. இரண்டும் ஏறிக்கொண்டேதான் போகும், எதுவும் இறங்காது. மாடியில் விளைந்தது எவ்வளவு என்று சொல்ல இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் தனியாக ஓர் உற்பத்தி மீட்டர் இருக்கிறது. அண்ணனின் இரண்டு மாதத்தைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். உள்ளே வந்தது 640. வெளியே போனது 390. மாடியில் விளைந்தது 720. காணாமல் போன 330, பகலில் இந்த வீடே தின்றது. ஆக வீட்டின் மொத்தச் செலவு 640ம் 330ம் சேர்ந்து 970 யூனிட். ஈ.பி. காசு கேட்பது 640ல் 390 போக மீதமுள்ள 250க்கு. இன்னொரு வழியாகப் பார்த்தாலும் அதே விடைதான்: 970ல் 720 போனால் 250.

"அப்போ மீட்டர் சரிதான்கிற" என்றார் அண்ணன். புகார் போய்விட்டதில் அவருக்கு லேசான வருத்தம்.

இந்தக் கழித்தலுக்குத்தான் நெட் மீட்டரிங் என்று பெயர். மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. பகலில் நீங்கள் கொடுத்தது ஒரு பக்கம், இரவில் வாங்கியது மறு பக்கம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேர்செய்கிறார்கள். ஈ.பி. உங்கள் மின்சாரத்தை எங்கேயும் சேமித்து வைப்பதில்லை. அண்ணன் வீட்டிலிருந்து வெளியே போன 2 கிலோவாட்டை அந்த நொடியே பக்கத்து வீட்டு மிக்ஸியும் எதிர்வீட்டு மோட்டாரும் தின்றுவிட்டன. இரவு பத்து மணிக்கு அண்ணன் ஏசிக்கு வருவது எங்கோ காற்றாலையிலோ அனல் நிலையத்திலோ அப்போது விளைந்த புது மின்சாரம். நோட்டில்தான் இரண்டும் சமம்.

எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் தான் கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில் சோலார் பேனலை இணைத்தபோது இதற்கெல்லாம் சட்டம் இல்லை. சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர், மின்சாரம் வெளியே போனபோது தானாகப் பின்னோக்கிச் சுற்றியது. நெட் மீட்டரிங் அப்படி இயல்பாகப் பிறந்தது. மினசோட்டா மாநிலம் அதை 1983ல் சட்டமாக்கியது. நம் வீடுகளில் இப்போதுள்ள எலக்ட்ரானிக் மீட்டர்களிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. சாதா மீட்டர்கள் பலவற்றுக்குத் திசை தெரியாது, வெளியே போவதையும் உள்ளே வந்ததாகவே எண்ணி ஏற்றிவிடும். பேனல் மாட்டியாயிற்று, இருவழி மீட்டர் வர நாளாகிறது, சும்மா கிடப்பானேன் என்று சுவிட்சைப் போட்டவர்களுக்குப் பில் இரட்டிப்பாக வந்த கதை தம்பியிடம் நிறைய இருக்கிறது. மீட்டர் மாற்றும்வரை சோலாரைத் தொடவே கூடாது என்பது அவர் எல்லா வீட்டிலும் முதலில் சொல்வது.

மதினி மோர் கொண்டுவந்தார். கூடவே தன் வழக்கையும். சோலார் வந்ததிலிருந்து கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார் எல்லாம் காலை பத்துக்கு மேல் மூன்றுக்குள்தான் ஓட வேண்டும் என்று அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறாராம். "விடியக்காலையில மாவாட்டி முடிச்சுட்டு என் வேலையப் பாத்துக்கிட்டு இருந்தவ நான். இப்போ வேகாத வெயில்ல கிரைண்டர் முன்னாடி நிக்கிறேன். சோலார் போட்டது எனக்கா, மீட்டருக்கா? நீங்களே கேளுங்க."

தம்பி தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார்: "பில்லுல ஒரு பைசா வித்தியாசம் வராதுக்கா. எப்ப வேணும்னாலும் போட்டுக்கங்க."

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. காலண்டர் தாளில் மறுபடி கணக்கு. காலை ஐந்து மணிக்குக் கிரைண்டர் ஓடினால் ஒரு யூனிட் உள்ளே வரும். பகலில் அந்த ஒரு யூனிட் மிஞ்சி வெளியே போகும். 640 என்பது 641 ஆகும், 390 என்பது 391. கழித்தால் அதே 250. பகலில் ஓட்டினால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறையும், விடை அப்படியே இருக்கும். நம் வீட்டு மின்கட்டணத்தில் பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்று கிடையாது. அதனால் ஒன்றுக்கு ஒன்று. மதினி முகத்தில் வந்த வெற்றியை எழுத வேண்டியதில்லை.

ஆனால் அண்ணன் உத்தரவும் காற்றிலிருந்து வந்ததல்ல. 2019ல் சோலார் போட்ட அவர் நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது அது. அந்த நண்பருக்கு அது முழு உண்மை. தமிழ்நாட்டில் இந்த விதி போன போக்கைப் பார்த்தால் புரியும். 2012 அக்டோபரில் சூரியசக்திக் கொள்கை வந்தபோது மாடியில் விளையும் யூனிட்டுக்கு முதல் இரண்டு ஆண்டு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், பிறகு இரண்டு ஆண்டு 50 காசு என்று ஊக்கத்தொகையே அறிவித்தார்கள். 2013 நவம்பரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்குக்கு ஆணை போட்டது. 2019 மார்ச்சில் அதே ஆணையம் அதை எடுத்துவிட்டு வேறு கணக்கைக் கொண்டுவந்தது. உள்ளே வரும் யூனிட்டுக்கு வழக்கமான கட்டணம், வெளியே போகும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு. யூனிட்டை யூனிட்டால் கழிப்பதில்லை, காசைக் காசால் கழிப்பது. 2020 கடைசி நாளில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டு 10 கிலோவாட் வரைதான் நெட் மீட்டரிங் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் 2021 ஜூனில் அதை 500 கிலோவாட் ஆக்கியது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு ஆணையமும் வீடுகளுக்கு நெட் மீட்டரிங்கைத் திரும்பக் கொடுத்தது. கூடவே வலையமைப்புக் கட்டணம் என்ற புது வரியையும் எழுதியது. அதைச் சிறுதொழில்காரர்கள் எதிர்த்துப் போராடி 2023ல் தங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

நெட் மீட்டரிங், 2019 விதி இரண்டும் அண்ணன் வீட்டில் என்ன செய்யும் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். அதற்குப் பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, தட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டாதவருக்கு அடுத்த நூறு 2 ரூபாய் 25 காசு, 201லிருந்து 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.50. பிறகு 8, 9, 10 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் 11.

சோலாரே இல்லாமல் 970 யூனிட்டுக்கு வந்திருக்க வேண்டிய பில் 6,250 ரூபாய். நெட் மீட்டரிங்கில் 250 யூனிட்டுக்கு 450 ரூபாய். 2019 விதியாக இருந்தால் உள்ளே வந்த 640க்கு 3,110 ரூபாய், வெளியே போன 390க்கு வரவு 889 ரூபாய், கட்ட வேண்டியது 2,220 ரூபாய்க்கு மேல். அதே மாடி, அதே பேனல், அதே வெயில். ஆணையத்தின் ஒரு தாள் மட்டும் வேறு. அந்த விதியில் அண்ணன் உத்தரவு பொன்னானது. பகலில் வீட்டுக்குள்ளேயே தின்ற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய், 9 ரூபாய் மிச்சப்படுத்தும். வெளியே விட்டால் 2.28தான் கிடைக்கும். நண்பர் வீட்டில் பகலில் மாவாட்டியது நியாயம், இங்கே வீண் வேலை. சோலார் போடப் போகிறவர் பேனல் கம்பெனியை விசாரிப்பதற்கு முன்னால் தன் இணைப்பு எந்தக் கணக்கில் வரப்போகிறது என்று விசாரிக்க வேண்டும். ஒப்பந்தத் தாளில் அது எழுதியிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

மின்வாரியத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்தியானம் ஊரெல்லாம் சோலார் ஓடும்போது மின்சாரம் மலிவு. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் சோலார் முழுக்கப் படுத்துவிடும், தேவை ஏறும், அப்போது வெளியில் வாங்கும் மின்சாரம் விலை அதிகம். நெட் மீட்டரிங்கில் வாரியம் மலிவான யூனிட்டை வாங்கிக்கொண்டு விலைகூடிய யூனிட்டைத் திருப்பித் தருகிறது, கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவும் அதன் தலையில். சில வீடுகள் போட்டால் தெரியாது, தெருவே போட்டால் தெரியும். கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் புதிதாகச் சோலார் போடும் வீடுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று கணக்கை நிறுத்திவிட்டு, வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பை முக்கால்வாசி வெட்டியது. இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதில் நாடு முழுக்க இருண்டது. ஞாயிறு பகலில் தேவை குறைவு, சோலார் பங்கு அதிகம், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு வலையமைப்புக்கு இல்லை என்று விளக்கம் வந்தது. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மாடி சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி அங்கே மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இங்கும் விதி இன்னொரு முறை மாறாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஃபேன் நின்றது. மாடியில் வெயில் அப்படியே இருக்க, இன்வெர்ட்டர் திரையில் சிவப்பு விளக்கு, உற்பத்தி பூஜ்யம். வீட்டில் யாரும் பதறவில்லை, இரண்டாவது நாளே தெரிந்துகொண்ட பாடமாம். "இதுக்குத்தான் ரெண்டு லட்சத்தப் போட்டோமான்னு நான் அன்னைக்குக் கேட்டேன்" என்றார் மதினி. கேட்காதவர் யார்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மத்தியானம் வரை வெயில் முழுக்க வீண்.

காரணம் கம்பத்தில் ஏறும் லைன்மேன். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பி அவர் கை வைக்கும்போது, அண்ணன் வீட்டு மாடி அதே கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதனால் தெருவில் மின்சாரம் இல்லையென்று தெரிந்த கணமே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். கரண்ட் வந்த பிறகும் உடனே ஓடாது, சில நிமிடம் லைனை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் இணையும். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டுமென்றால் பேட்டரி வைத்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை வேறு. விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

கரண்ட் வந்தது. இன்வெர்ட்டர் மறுபடி எழுந்தபோது தம்பி திரையில் ஓர் எண்ணைச் சுட்டிக் காட்டினார்: லைன் வோல்டேஜ் 248. காலை ஏழு மணிக்கு இதே இடத்தில் 228 இருந்ததாக ஆப் சொன்னது. தெருக்கோடி வரை அவரோடு நடந்தேன். இந்த வரிசையில் நாலு வீட்டு மாடியில் நீலக் கண்ணாடி மின்னுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் தெரு முனையில், அண்ணன் வீடு கம்பியின் கடைசியில். மத்தியானம் எல்லா வீடும் வெளியே தள்ளும்போது கம்பியின் கடைசியில் வோல்டேஜ் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் இன்வெர்ட்டர் நின்றுவிடும், நல்ல வெயில் நேரத்தில். இன்னும் இரண்டு வீடு போட்டால் அந்தத் தொல்லை தொடங்கும், அப்போது கம்பியை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டியதுதான் என்றார். அந்த நிலை வந்தால் பகலில் மோட்டார் ஓட்டுவதில் அர்த்தம் உண்டு. உள்ளூர்ச் செலவு கூடினால் வோல்டேஜ் இறங்கும். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசாமலே ஒத்துக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது அண்ணன் அடுத்த திட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு கிலோவாட் போட்டால் அந்த 450ம் போய்விடுமே?

போகும். ஆனால் தட்டுக் கட்டணத்தில் சோலார் மேலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. அண்ணன் வீட்டின் 970லிருந்து 600 வரை வெட்டிய 370 யூனிட் 3,500 ரூபாயை மிச்சப்படுத்தியது, யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது மிஞ்சியிருப்பது 250. அதில் நூறு இலவசம், மீதி 150க்கு 450 ரூபாய், யூனிட்டுக்கு 3 ரூபாய். புதிய ஒரு கிலோவாட் இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும், அதில் 150க்குத்தான் வேலை. மீதி நோட்டில் வரவாக ஏறி அடுத்த பில்லுக்குப் போகும். மழை மாதத்தில் கொஞ்சம் உதவும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தங்கும் மிச்சத்துக்கு நாம் வாங்கும் விலையை யாரும் தரப்போவதில்லை. மானியமும் இனி இல்லை. 2024ல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய், அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். அண்ணன் 1,95,000 செலவழித்து 78,000 வங்கிக் கணக்கில் திரும்பப் பெற்றவர். அந்த 1,17,000 நாலு ஆண்டுக்குள் மீண்டுவிடும். புதிதாகப் போடும் 60,000 மீள இருபது ஆண்டுக்கு மேல் ஆகும்.

"வேண்டாம்னு சொல்ற ஒரே சோலார்காரன் நீதான்" என்றார் அண்ணன் தம்பியிடம்.

இதையெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கையில் தன் ஈ.பி. அட்டை. "நமக்கும் ரெண்டு கிலோவாட் போட்டுருவோமா தம்பி? மானியம் 60,000 கிடைக்கும்கிறாங்க."

தம்பி அட்டையைப் புரட்டினார். 240, 260, 255, 260. இரண்டு மாதத்துக்குச் சுமார் 500 ரூபாய் பில், ஆண்டுக்கு 3,000 ரூபாய்.

"ஏசி இருக்காண்ணே?"

"இல்ல. தைக்குள்ள பையனுக்குக் கல்யாணம். மாடியில ரூம் எடுக்கிறோம். அதுக்கு ஒண்ணு மாட்டணும்."

"அப்போ ஏசிய மாட்டுங்க. பேனல் வைக்கிற இடத்த விட்டுட்டு ரூம் எடுங்க, தெக்குப் பக்கம் செவுத்த ஒசத்திராதீங்க. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பில் வந்த பெறகு அட்டைய எடுத்துக்கிட்டு எனக்கு ஃபோன் போடுங்க."

"அதுக்குள்ள மானியத்த நிறுத்திட்டா?"

"நிறுத்தினா பாத்துக்குவோம்ணே. 3,000 ரூபா பில்லுக்கு 70,000 போட்டா, நீங்க என்னையத்தான் திட்டுவீங்க."